சலவைக்கல் சமையல் மேடை பராமரிப்பு

சலவைக்கல் சமையல் மேடை என்பது சலவைக்கல் பலகையால் மேற்பரப்பு அமைக்கப்பட்ட சமையலறை மேடை ஆகும். சலவைக்கல் பளிங்குக்கல் எனவும், பேச்சு வழக்கில் மார்பிள் எனவும் அழைக்கப்படுகிறது. இம்மேடைகளில் அமில அரிப்பு, கறை, கீறல் ஆகிய மூன்று வகைச் சேதங்கள் ஏற்படுகின்றன. இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. எனவே தீர்வுகளும் வெவ்வேறானவை. அமில அரிப்பைக் கறை எனக் கருதி எலுமிச்சை அல்லது வினிகர் கொண்டு தேய்ப்பது சேதத்தை மேலும் அதிகரிக்கும்.

கல்லின் இயல்பு

சுண்ணாம்புக்கல் புவியின் அடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிச் சலவைக்கல் உருவாகிறது. இதன் பெரும்பகுதி கால்சைட்டு என்னும் கனிமம் ஆகும். கால்சைட்டின் வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட்டு. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட்டின் மதிப்பு 3 ஆகும். சாதாரண மணலில் உள்ள குவார்ட்சின் மதிப்பு 7. ஆகவே மேடையில் கிடக்கும் மணல் துகள் ஒன்றின் மீது பாத்திரத்தை இழுத்தாலே கீறல் விழும்.

இத்தாலியின் கராராவும் இந்தியாவில் இராசத்தான் மாநிலத்தின் மக்ரானாவும் சலவைக்கல்லுக்குப் பெயர் பெற்ற இடங்கள். தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருப்பதால், வெண்ணெய் சேர்த்த மாவைத் தேய்ப்பதற்கு இக்கல் ஏற்றது.

அமில அரிப்பு

கால்சியம் கார்பனேட்டு அமிலத்துடன் வினைபுரிந்து கரைகிறது. எடுத்துக்காட்டாக, வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்துடனான வினை பின்வருமாறு:

கால்சியம் கார்பனேட்டு + அசெட்டிக் அமிலம் → கால்சியம் அசெட்டேட்டு + நீர் + கார்பன் டைஆக்சைடு

வினை நடந்த இடத்தில் பளபளப்பு நீங்கி, மங்கிய வெண்ணிறத் தடம் தோன்றும். இத்தடம் கல்லின் மீது படிந்த பொருள் அன்று. கல்லின் ஒரு மெல்லிய படலமே கரைந்து போனதன் அடையாளம் ஆகும். எனவே இதனைக் கழுவி நீக்க இயலாது. எலுமிச்சைச் சாறு சில நிமிடங்களிலேயே தடத்தை ஏற்படுத்தக் கூடியது.

சமையலறையில் காணப்படும் அமிலப் பொருட்கள்:

• எலுமிச்சை – சிட்ரிக் அமிலம்
• புளி – டார்டாரிக் அமிலம்
• தயிர், மோர் – லாக்டிக் அமிலம்
• வினிகர், ஊறுகாய் வகைகள் – அசெட்டிக் அமிலம்
• கோலா பானங்கள் – பாசுபாரிக் அமிலம்
• தக்காளி – சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம்

ஐதரோகுளோரிக் அமிலம் கலந்த கழிவறைத் தூய்மிகள் சலவைக்கல்லுக்கு மிகவும் தீங்கானவை. தென்னிந்தியச் சமையலில் புளி, தயிர், எலுமிச்சை ஆகியன அன்றாடம் பயன்படுவதால், அமிலத்தை நன்கு தாங்கும் கிரானைட்டு மேடைகளே அதற்குப் பொருத்தமானவை.

இலேசான அரிப்பை வெள்ளீய ஆக்சைடு அடங்கிய மெருகுப் பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். விரலால் தடவும்போது சொரசொரப்பாக உணரப்படும் ஆழமான அரிப்புக்கு, தொழிலாளர் மூலம் வைரப் பட்டைகள் கொண்டு மெருகேற்ற வேண்டும். பளபளப்பின்றி மட்டமாகத் தேய்க்கப்பட்ட மேற்பரப்பில் அரிப்புத் தடம் அதிகம் தெரிவதில்லை.

கறை

சலவைக்கல்லில் நுண்துளைகள் உள்ளன. எண்ணெய், தேநீர், மஞ்சள் முதலியன இத்துளைகளில் இறங்கிக் கறையாகின்றன. கறை பட்ட இடம் பெரும்பாலும் சுற்றுப்புறத்தை விடக் கருத்தோ நிறம் மாறியோ இருக்கும். அரிப்புத் தடம் வெளிறி இருக்கும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய இது எளிய வழி.

மஞ்சள் கறையின் மீது சோப்பு பட்டதும் அது சிவப்பாக மாறக்கூடும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதே இதற்குக் காரணம். ஆரத்தி நீர் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினையால் தான்.

பற்றுப் போடுதல்

துளைக்குள் இறங்கிய கறையை வெளியே இழுக்க, உறிஞ்சும் பசை ஒன்று பூசப்படுகிறது. செய்முறை:

1. சமையல் சோடாவை நீருடன் கெட்டியாகக் குழைக்க வேண்டும். தேநீர், காப்பி, மஞ்சள் கறைகளுக்கு நீருக்குப் பதிலாக 3% ஐதரசன் பெராக்சைடு சேர்க்கலாம். கரிய நிறச் சலவைக்கல்லைப் பெராக்சைடு வெளிறச் செய்யக்கூடும்.
2. கறையின் மீது தடிப்பாகப் பூசி, நெகிழித் தாளால் மூடி ஒரு நாள் விட வேண்டும்.
3. தாளை நீக்கிப் பசை முற்றிலும் உலர்ந்த பின், மரக்கரண்டியால் எடுத்து நீரால் துடைக்க வேண்டும்.

பழைய கறைகளுக்கு இதனைப் பலமுறை செய்ய நேரலாம். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மக்ரானா சலவைக்கல்லால் கட்டப்பட்ட தாஜ்மகாலில் படிந்த மாசும் இதே தத்துவத்தில், முல்தானி மட்டிப் பற்றுப் போட்டு நீக்கப்பட்டது. இப்பணி முதன்முதலாக 1994 ஆம் ஆண்டில் நடைபெற்றது.

காப்புப் பூச்சு

சிலேன் அல்லது சிலோக்சேன் வகை வேதிப்பொருட்கள் நுண்துளைகளுக்குள் இறங்கி, நீரும் எண்ணெயும் உட்புகுவதைத் தாமதப்படுத்துகின்றன. மேடையில் சில துளி நீரை விட்டு 15 நிமிடம் கழித்துத் துடைக்கும்போது அவ்விடம் கருத்திருந்தால், மீண்டும் பூச வேண்டும் எனக் கொள்ளலாம். இப்பூச்சு கறையைக் குறைக்குமே அன்றி, அமில அரிப்பைத் தடுக்காது.

அன்றாடப் பராமரிப்பு

• சிந்தியதை உடனே ஒற்றி எடுக்க வேண்டும். துடைத்தால் அது பரவும்.
• அமிலமோ மிகுந்த காரமோ அற்ற பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் சில துளிகள் கலந்து, மென்மையான துணியால் துடைத்து, பின்னர் வெறும் நீரால் துடைத்து உலர்த்த வேண்டும்.
• தேய்ப்புத் தூள், கம்பி நார் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கம்பி நாரின் துணுக்குகள் துருப்பிடித்துக் கறையாகும். துருக்கறையை நீக்குவது மிகக் கடினம்.
• காய்கறிகளை, குறிப்பாக எலுமிச்சையை, பலகையின் மீது வைத்தே நறுக்க வேண்டும்.
• சூடான பாத்திரங்களைப் பிரிமணையின் மீது வைக்க வேண்டும். திடீர் வெப்ப மாற்றத்தால் கல்லில் விரிசல் ஏற்படலாம்.
• வெளுப்பான் திரவத்தை அமிலத்துடனோ அம்மோனியாவுடனோ கலக்கக் கூடாது. நச்சு வளிமம் வெளிப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

• சலவைக்கல்
• கிரானைட்டு
• மோவின் அளவுகோல்
• தாஜ்மகால்