சதுக்கம் தெருவான கதை: சாந்தினி சௌக்கின் தேய்வும் புத்தாக்கமும்

கடைவீதியின் வீழ்ச்சி பற்றிய மேலைநாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது பூட்டிய கடையின் படம். பிரிட்டனில் ஊல்வொர்த்ஸ் 2009இன் தொடக்கத்திலும், பிஎச்எஸ் 2016இலும், டெபனம்ஸ் 2021இலும் தம் கடைகளை மூடின. நகர்மையத் தெருக்கள் வெறிச்சோடின. இந்திய நகரங்களின் பழைய கடைவீதிகளை இந்தப் படத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியாது. தில்லியின் சாந்தினி சௌக்கில் நாள்தோறும் கூட்டம் அலைமோதுகிறது. ஆனாலும் கடந்த ஒன்றரை நூற்றாண்டாக அது தேய்ந்து வந்த கடைவீதிதான். அங்கே நலிவு வெறுமையாக வரவில்லை, நெரிசலாக வந்தது.

ஷாஜகானாபாத் நகரின் முதன்மைக் கடைவீதி 1650 அளவில் உருப்பெற்றது. அதை அமைத்தவர் ஷாஜகானின் மகள் ஜஹானாரா. செங்கோட்டையின் லாஹோரி வாயிலிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை நீண்ட அத்தெருவின் நடுவே கால்வாய் ஓடியது, இருமருங்கிலும் கடைகள். அன்று அத்தெரு முழுமைக்கும் ஒரே பெயர் வழங்கவில்லை. கோட்டையை ஒட்டிய பகுதி உர்தூ பஜார், அதாவது பாசறைக் கடைவீதி. மேற்குக் கோடி ஃபதேபுரி பஜார். இடையில் எண்கோண வடிவில் அமைந்த திறந்தவெளிக்கும் அதன் நடுவிலிருந்த குளத்துக்கும் உரிய பெயரே சாந்தினி சௌக், நிலவொளிச் சதுக்கம். சதுக்கம் என்னும் தமிழ்ச் சொல்லும் சௌக் என்னும் இந்திச் சொல்லும் ‘சதுஷ்க’ என்ற ஒரே வடசொல்லின் வழிவந்தவை. சதுக்கத்தின் வடபுறம் ஜஹானாரா கட்டிய சத்திரம் நின்றது. பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வந்த செல்வ வணிகர்கள் அங்கே தங்கியதை ஃபிரெஞ்சுப் பயணி பெர்னியே பதிவு செய்திருக்கிறார். கடை, தங்குமிடம், தோட்டம், நீர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியதே அக்கடைவீதியின் இலக்கணம்.

இந்தக் கூட்டு முதலில் உடைந்தது 1857க்குப் பிறகு. கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில அரசு கோட்டையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளைப் பெருமளவில் இடித்தது. சத்திரம் இருந்த இடத்தில் 1860களில் நகர மன்றக் கட்டடம் எழுந்தது. குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு நின்றது. கால்வாய் பின்னர் மூடப்பட்டது. 1908இல் டிராம் வந்தது. சதுக்கம் மறைந்த நிலையில் அதன் பெயர் மட்டும் தெரு முழுவதும் பரவி நிலைத்தது. பகுதியின் பெயர் முழுமைக்கு ஆகிவரும் சொல்லாட்சி தமிழ் இலக்கணத்தில் சினையாகுபெயர் எனப்படும். இங்கோ பெயர் விரிந்த காலமும், அதற்குரிய இடம் அழிந்த காலமும் ஒன்றாக அமைந்தன.

இரண்டாம் முறிவு 20ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது. புதுதில்லியின் கன்னாட் பிளேஸ் 1933இல் நிறைவுற்றதும் வசதி படைத்தோரின் கடைவீதி தெற்கே பெயர்ந்தது. 1947இன் பிரிவினையில் பழைய நகரத்தின் முஸ்லிம் குடும்பங்கள் பல வெளியேறின. மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகள் கடை விரித்தனர். அடுத்த பதிற்றாண்டுகளில் மொத்த வணிகம் பெருகியது. பெருமனைகள் சரக்கறைகளாயின. பேகம் சம்ருவின் மாளிகை இன்று பகீரத் பேலஸ் என்ற பெயரில் மின்பொருள் மொத்தச் சந்தை. 2022 நவம்பரில் அங்கே மூண்ட தீ அணையப் பல நாட்கள் ஆயின. குறுகிய சந்து, தாழத் தொங்கும் கம்பிகள், தளந்தோறும் அடுக்கிய சரக்கு ஆகியவற்றோடு வாழும் தெருவுக்கு நெரிசலின் விலை இது. குடியிருப்போர் குறையக் குறைய, மாலைக்குப் பின் தெருவைக் கண்காணிக்கும் கண்களும் குறைகின்றன.

தெருப்பெயர்கள் இம்மாற்றங்களுக்குச் சான்றாக நிற்கின்றன. காரி பாவ்லி என்றால் உப்புநீர்ப் படிக்கிணறு. கிணறு இல்லை, மசாலாச் சந்தை இருக்கிறது. பல்லிமாரான் துடுப்பு வலிப்போரைக் குறிக்கும் பெயர் என்பர். இன்று அங்கே விற்பனையாவது காலணியும் மூக்குக்கண்ணாடியும். நயி சடக் என்ற ‘புதிய சாலை’ 1857க்குப் பின் வெட்டப்பட்டது. இன்று பாடநூல் கடைகளின் தெருவாகிப் பழமை எய்தியும் புதிய சாலையாகவே அழைக்கப்படுகிறது. தொழில் மாறுவது இக்கடைவீதிக்குப் புதிதன்று. ஆகவே எந்தத் தொழில் போயிற்று என்று வருந்துவதைவிட, ஒவ்வொரு மாற்றத்திலும் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்பதே வரலாற்றுக்குப் பயன்படும்.

2021 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட புத்தாக்கத்தையும் இக்கேள்வியைக் கொண்டே அளக்க வேண்டும். ஏறத்தாழ 1.3 கி.மீ. நீளத்துக்குச் செந்நிறக் கிரானைட் பாவப்பட்டது. காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. மக்கள் நடப்பதற்குத் தெருவைத் திருப்பித் தந்தது பெரிய செயல். 2005இல் வந்த மெட்ரோ நிலையம் இல்லாவிடில் இது கைகூடியிருக்காது. ஆனால் இதே முதன்மைச் சாலையில் தெருவோர வணிகத்துக்கு இடமில்லை என்பது நீதிமன்றம் வரை சென்று உறுதிப்பட்ட நிலை. மிதிரிக்‌ஷாக்களும் வரையறுத்த எண்ணிக்கையிலேயே அனுமதிக்கப்படுகின்றன.

2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் ‘இயல்புச் சந்தை’ என்றொரு சொல்லை வரையறுக்கிறது: வாங்குவோரும் விற்போரும் மரபாக நெடுங்காலம் கூடிவரும் இடம். கணக்கெடுப்பில் அவ்வாறு அடையாளம் காணப்பட்ட இடத்தை விற்பனை தடைப்பகுதியாக அறிவிக்கலாகாது என்றும், நெரிசல் மட்டுமே தடைக்குக் காரணமாகாது என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. நெரிசலுக்கு வண்டிகளும் சரக்கறைகளும் பெரும் காரணமாயிருக்க, தெருவோரத்தில் கூடையோடு நிற்பவர் முதலில் வெளியேற்றப்படுவது சட்டத்தின் நோக்கத்தோடும் தெருவின் வரலாற்றோடும் இசையவில்லை. மூன்றரை நூற்றாண்டாகக் கூடிவரும் ஓரிடம் இயல்புச் சந்தை இல்லையெனில், அச்சொல்லுக்கு இந்தியாவில் வேறெங்கே பொருள் தேடுவது?

பழைய கடைவீதிகளுக்குப் புத்துயிர் அளிக்க விரும்பும் நகரங்கள் தில்லியிடமிருந்து கற்க வேண்டியது தரைக்கல்லின் நிறத்தை அல்ல. மொத்தச் சரக்கறைகளைப் படிப்படியாக நகருக்கு வெளியே பெயர்ப்பது, மேல்தளங்களில் மீண்டும் குடியிருப்புக்கு வழிசெய்வது, தெரு வணிகரைக் கணக்கெடுத்து அதே தெருவில் இடம் ஒதுக்குவது ஆகியவை கல் பாவுவதைவிடக் கடினமானவை, மெதுவானவை. நகர நிர்வாகம் வேறிடம் பெயர்ந்தபின் பயனற்றுக் கிடக்கும் நகர மன்றக் கட்டடம் அதற்கொரு தொடக்கமாகலாம். வழிப்போக்கருக்குக் கதவு திறந்த சத்திரம் நின்ற மண் அது. அங்கே அடுத்து எழுவது யாருக்காகத் திறக்கும் என்பதில்தான் இப்புத்தாக்கத்தின் தரம் தெரியவரும்.