வேலம்பாளையத்துப் புதையல்

புதையல் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது பாழுங்கிணறும், செப்புக் குடமும், அதைக் காவல் காக்கும் நல்ல பாம்பும். பரணில் கிடக்கும் படக்கதைப் புத்தகங்களும் ஒரு நாள் புதையலாகும் என்று யாராவது என் பாட்டியிடம் சொல்லியிருந்தால், சொன்னவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கஷாயம் வைக்கப் போயிருப்பாள்.

ஆனால் அப்படித்தான் ஆகியிருக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு 'சூப்பர்மேன்' புத்தகம் ஏலத்துக்கு வந்தது. 1939-ம் வருஷத்து முதல் இதழ். சான்பிரான்சிஸ்கோ நகரில் காலஞ்சென்ற தாயாரின் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது, பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் பிள்ளைகள் கண்டெடுத்த பிரதி. அச்சான காலத்தில் அதன் விலை 10 சென்ட். ஏலத்தில் போன விலை 91 லட்சம் டாலருக்கும் அதிகம்.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் ஒரு பெருமூச்சோடு காப்பி சாப்பிடப் போய்விட்டேன். திருப்பூருக்குப் பக்கத்தில் வேலம்பாளையத்தில் இருக்கும் ஒருவர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், மணி மணியான எழுத்து. 1972 முதல் 1986 வரை தாம் வாங்கிய படக்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருப்பதாகவும், முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெட்டியைத் திறக்கவே இல்லையென்றும் எழுதியிருந்தார். பேத்திக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டுமாம். "தாங்கள் எழுத்தாளர் ஆகையால் தங்களுக்கு இதன் மதிப்புத் தெரியும், ஒரு நடை வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று முடித்திருந்தார்.

எழுத்தாளன் ஆனதனால் எனக்குப் பணத்தின் மதிப்புத் தெரியுமென்று நம்பிய முதல் மனிதர் அவர்தான். அதற்காகவே போகலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், வேறொரு காரணமும் இருந்தது.

1972-ல் எனக்குப் பத்து வயது. அந்த வருஷந்தான் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வரத் தொடங்கிற்று. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட மனிதன். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-ல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகைக்காக ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த படங்கள் அவை. அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எங்கள் தெருவுக்கு ஒரே பிரதி, பையன்கள் பதினொரு பேர். பிரதி என்னுடையது. பதினொரு பேரும் படித்து முடித்தபோது அட்டை போயிருந்தது. மிச்சத்தை என் தாயார், ஓட்டைக் குடத்தோடும் துருப்பிடித்த அரிவாள்மணையோடும் சேர்த்து, தள்ளுவண்டிக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிவிட்டாள். பழைய இரும்பு வாங்குகிறவனிடம் இரும்புக்கை மாயாவி போனது பொருத்தமென்று இப்போது சிரிக்க முடிகிறது. அன்றைக்கு நான் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. சாயங்காலம் வரைக்கும்.

என் கதையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லக் காரணம், பழைய படக்கதைகள் அப்பழுக்கில்லாமல் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு என் வீடே சாட்சி என்பதுதான். மட்டமான செய்தித்தாள் காகிதம் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள அமிலமே அதைத் தின்னும். முதலில் பழுக்கும், பிறகு அப்பளமாக நொறுங்கும். நடுவே அடித்த பின் ஊசி நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் துருப்பிடித்துப் பக்கத்தில் பழுப்பு வட்டம் போடும். கரையான், ராமபாணப் பூச்சி, எலி ஆகியோருடைய திருப்பணி தனி. இவ்வளவையும் தாண்டி வரும் புத்தகத்தைப் பையன்கள் படித்தே தீர்த்துவிடுவார்கள். வாடகை நூல் நிலையங்களில் ஒரே பிரதி நூறு கை மாறும்.

பம்பாயிலிருந்து 1964-ல் ஆரம்பித்து, மறு வருஷம் தமிழிலும் வந்த 'இந்திரஜால் காமிக்ஸ்' 1990-ல் நின்றுபோயிற்று. அதன் வேதாள மாயாத்மாவை எத்தனை ஆயிரம் பையன்கள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருப்பார்கள்! இன்று ஆரம்ப இதழ் ஒன்று அட்டையோடு கிடைத்தால், சேகரிப்பவர்கள் சில ஆயிரம் ரூபாய் கூசாமல் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1938-ல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தலை காட்டிய 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதி அச்சாயிற்று. இன்று மிஞ்சியவை ஏறக்குறைய நூறு என்று கணக்கிடுகிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பழைய காகிதம் சேகரித்துச் சர்க்காருக்குக் கொடுப்பது தேசபக்தியாக இருந்தது. சிறுவர்களே வண்டி வண்டியாகத் தங்கள் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு 1954-ல் பிரடெரிக் வெர்த்தாம் என்ற மனநோய் மருத்துவர், படக்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். செனட் சபை விசாரித்தது. சில ஊர்களில் குவித்துக் கொளுத்தினார்கள்.

இத்தனைக்கும் தப்பிய பெரிய புதையல் என்றால் 1977-ல் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கத்தில் கிடைத்ததுதான். எட்கர் சர்ச் என்பவர் டெலிபோன் டைரக்டரிக்கு விளம்பரப் படம் போட்டுப் பிழைத்த ஓவியர். மாதிரிப் படங்களுக்காக எதை எதையோ வாங்கி அடுக்கியவர், படக்கதைகளையும் கடைக்கு வந்த சூட்டோடு வாங்கி அடுக்கிக்கொண்டே போனார். அவர் முதுமையில் தளர்ந்த பிறகு வீட்டைக் காலி செய்த உறவினர்கள், சக் ரொசான்ஸ்கி என்ற இளம் வியாபாரியைக் கூப்பிட்டார்கள். நிலவறையில் சுமார் 18,000-க்கு மேற்பட்ட புத்தகங்கள், நேற்று அச்சானவை போல! மேலே ஏறிய புத்தகங்களின் பாரத்தில் கீழே இருந்தவை காற்றுப் புகாமல் இறுகியிருந்தன. மலை நாட்டு வறண்ட காற்று. காகிதம் வெள்ளை மாறவில்லை. ரொசான்ஸ்கி சொன்னதை மற்ற வியாபாரிகள் முதலில் நம்பவே இல்லையாம்.

சர்ச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வரும். அவரும் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அவரும் வாங்கி வாங்கி வீட்டை நிறைத்தவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் இனம். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விளம்பர ஓவியர்கள்! மற்றவர்கள் துடைத்துப் போடும் காகிதத்தில் அவர்கள் கண்ணுக்கு மட்டும் என்னவோ தெரிந்திருக்கிறது.

சரி, வேலம்பாளையத்துக்கு வருவோம்.

ஊரின் முழுப் பெயர் '15 வேலம்பாளையம்'. 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தும் அந்தப் பதினைந்தை ஊர் விடவில்லை. தெருவுக்குத் தெரு நிட்டிங் எந்திரத்தின் இரைச்சல். வாசலுக்கு வாசல் பனியன் வேஸ்ட் மூட்டை. நண்பர் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. எழுபதை நெருங்கும் வயது. பதினைந்து வயதில் பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து, பின்னால் செக்கிங் மேஜைக்கு மாறி முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர்.

"சனிக்கிழமை சம்பளமுங்க சார். அம்மா கையில குடுத்தது போக எனக்கு ஒரு ரூபா. அது நேரா பஸ் ஸ்டாண்டு கடைக்குத்தான் போகும்" என்றார்.

பெட்டியைத் திறந்தார். ரசகற்பூர வாசனையும் வேப்பிலைச் சருகும் வந்தன. மேலே இருந்த துணியை விலக்கினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பதினான்கு கெட்டி அட்டைப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் பத்து இதழ்; முதுகில் சிவப்புக் காலிகோ, அதில் வரிசை எண். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழித்து எடுத்து நம் வீடுகளில் எப்படித் தைத்து வைத்தார்களோ, அப்படியே.

"ஏன் அண்ணா தைத்தீர்கள்?" என்று கேட்டேன். குரலில் குற்றம் சாட்டுவது போலத் தொனித்திருக்க வேண்டும்.

"கம்பெனிப் பசங்களுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு பைசான்னு வாடகைக்கு விடுவனுங்க. தனித்தனியா குடுத்தா சட்டைக்குள்ள சொருகிட்டுப் போயிருவானுக. பத்தைச் சேர்த்துத் தெச்சுப்போட்டா எவன் ஒளிக்க முடியும்?"

முதல் புத்தகத்தைப் பிரித்தேன். இரும்புக்கை மாயாவி இருந்தான்; அட்டையோடு, அத்தனை பக்கத்தோடு. காகிதம் லேசாகப் பழுத்திருந்ததே தவிர நொறுங்கவில்லை. பெட்டியின் அடியில் தைக்காமல் விட்ட ஆறு இதழ்கள் தனியாகக் கிடந்தன. அவற்றை ராமபாணம் சல்லடையாக்கியிருந்தது. தைத்தவை பிழைத்தன, தைக்காதவை போயின.

"எவ்வளவு தேறுமுங்க சார்?"

என்ன சொல்வது? கொஞ்சம் சுற்றி வளைத்தேன். அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு முதல் இதற்கென்றே ஒரு கம்பெனி இருப்பதைச் சொன்னேன். புத்தகத்தைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து முத்திரை வைப்பார்கள். மூலை மடங்கினால் குறைவு. பின் ஊசி துருப்பிடித்தால் குறைவு. எவனாவது பேனாவால் பெயர் எழுதியிருந்தால் இன்னும் குறைவு. அந்த 91 லட்சம் டாலர் பிரதிக்கு 9 மார்க்கு.

அவர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம செக்கிங்குதானுங்க! ஒரு ஊசி ஓட்டை இருந்தா செகண்ட்ஸ். ஆயில் கறை போகலீன்னா செகண்ட்ஸ்."

சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியை மாட்டினார். முதல் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முப்பத்தொரு வருஷம் துணியைத் தடவிய விரல், மேல் விளிம்பில் ஓடிற்று, கீழே ஓடிற்று, ஓரத்தில் வந்து நின்றது. கட்டு வேலைக்காரர் மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சீராக்கியிருந்தார். ஒரு பக்கத்தில் வசனத்தின் கடைசி எழுத்துக்களே வெட்டுப்பட்டிருந்தன. பின் ஊசியை எடுத்துவிட்டு, முதுகில் ஊசி குத்தி நூல் கோத்திருந்தார்.

பெரியவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு பக்கமும் வெட்டு. முதுகுல பூரா ஓட்டை. செகண்ட்ஸ்ல கூடச் சேராதுங்க சார். நம்ம டேபிளுக்கு வந்திருந்தா வேஸ்ட்டுலதான் போட்டிருப்பேன்."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். படிக்க விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழு வரிசையாக இருப்பதனால் ஏதோ ஒரு தொகை கொடுப்பார்கள். நானே விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"காலேஜுப் பணத்துக்கு எட்டுமுங்களா?"

"எட்டாது, அண்ணா."

"சரி, விடுங்க. அதுக்கு வேற வழி பார்த்துக்கறேன். சீட்டு ஒண்ணு எடுக்க வேண்டியிருக்குது" என்றார். அந்தச் சீட்டு எதற்காகப் போட்டு வைத்ததென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேத்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகாமல் கீழே உட்கார்ந்து ஐந்தாம் எண் புத்தகத்தைப் பிரித்தாள். சற்று நேரத்தில் அவள் தன் காப்பியை மறந்துவிட்டாள் என்பதைக் கவனித்தேன்.

புறப்படும்போது கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டேன்: முதல் புத்தகத்தை ஒரு வாரம் இரவல் கொடுப்பாரா? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போன மாயாவியை நான் இன்னும் ஒரு தரம் பார்க்க வேண்டும்.

அவர் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். பெயர், புத்தக எண், எடுத்த தேதி, திரும்பிய தேதி என்று கோடு போட்ட நோட்டு. கடைசியாக எழுதியிருந்த வரி 1987-ம் வருஷத்தது. எடுத்தவன் திருப்பித் தந்த தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு சரி. அதற்கு அடுத்த வரியில் விரலை வைத்து நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"இங்க எழுதிப்போடுங்க சார். வாடகை நாளைக்கு அஞ்சு பைசா. பழைய ரேட்டுத்தான்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேத்தி பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "தேதி போடலையே சார்" என்றாள்.