பார்ட் டூ வகுப்பின் கதை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறையில் என்றுமே இரண்டு பந்தி உண்டு. ஷேக்ஸ்பியரும் மில்டனும் நடத்துகிறவர்களுக்கு முதல் பந்தி. பி.காம்., வேதியியல், வரலாறு என்று மற்றத் துறைப் பிள்ளைகளுக்குப் ‘பார்ட் டூ’ ஆங்கிலம் எடுக்கிறவர்களுக்குக் கடைசிப் பந்தி. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ அவரவர் பாடம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் ட்யூட்டராகச் சேர்ந்தபோது, புதிதாக எம்.ஏ. முடித்து வருகிறவர்களுக்குக் காம்போசிஷன் நோட்டுத் திருத்துவதும் பார்ட் டூ வகுப்பும்தான். பணிமூப்பு ஏற ஏறத்தான் மேஜர் வகுப்பு கிடைக்கும். தமிழ்வழியில் படித்து வந்த எழுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு மொழியைச் சொல்லிக்கொடுக்கிற கடினமான வேலை, அனுபவம் துளியும் இல்லாதவர் கையில் கொடுக்கப்பட்டது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். வேண்டும். கல்லூரிக்கு அன்று எம்.ஏ. போதுமாக இருந்தது. அந்த எம்.ஏ.வில் நாங்கள் படித்தது இலக்கியம். சாஸரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, ‘ஹி கோ’ என்று எழுதுகிற பையனை ‘ஹி கோஸ்’ என்று எழுத வைப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர ஓர் இடம் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் கற்பித்தலைத் தனித் தொழிலாகப் பார்த்து, 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதன் தொடக்க கால இயக்குநர்களில் ஒருவர் வி.கே. கோகாக்; பின்னாளில் ஞானபீட விருது பெற்ற கன்னடக் கவிஞர். 1972-ல் மற்ற அயல்மொழிகளும் சேர்ந்து அது சி.ஐ.ஈ.எஃப்.எல். ஆயிற்று. 2007-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம்.

ஆனால் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி தமிழ்நாட்டில் பெரிய அளவில் வந்தது கல்லூரிகளுக்கு அல்ல, தொடக்கப் பள்ளிகளுக்கு. 1960-ஐ ஒட்டி, அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரப் பெரிய இயக்கம் ஒன்று நடந்தது. சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் அடுத்தவர்களுக்கு, அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு என்று உருண்டு பெருக வேண்டும் என்பது கணக்கு. இலக்கு 27,000 ஆசிரியர்கள். 1962-ல் இதைப் பற்றி ஆங்கிலக் கல்வி இதழ் ஒன்றில் வந்த கட்டுரை இந்த இயக்கத்தை ‘மதராஸ் பனிப்பந்து’ என்றே குறிப்பிட்டது. பனியைக் கண்ணால் பார்த்திராத ஊருக்கு வைத்த பெயர்!

சொல்லிக் கொடுத்த முறை ஸ்ட்ரக்சுரல் அப்ரோச். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதுவரை வரிசைப்படுத்தி, ஒன்று படிந்த பிறகே அடுத்தது. டீச்சர் கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் கோயிங் டு த டோர்’ என்பார். வகுப்பு முழுக்க ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். நானும் இப்படிப் படித்தவள்தான். கதவருகே நிற்கும்வரை பிழையே வராது. வகுப்பைவிட்டு வெளியே வந்தால் பேச்சே வராது.

இந்தக் குறையிலிருந்துதான் என்.எஸ். பிரபு தொடங்கினார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் அவர் நடத்திய சோதனை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று பெயர் பெற்றது. இலக்கண வரிசை கிடையாது, திருப்பிச் சொல்வதும் கிடையாது. ஒரு வரைபடம், ஒரு ரயில் அட்டவணை, அதையொட்டி யோசித்து விடை காண வேண்டிய ஒரு வேலை. முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைச் செய்வார்; பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே போகும் என்பது அவர் துணிபு. அந்த அனுபவத்தை எழுதிய நூல் 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பிரபு பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஹைதராபாத் நிறுவனத்துக்கு நானும் டிப்ளமோ படிக்கக் கிளம்பியபோது எங்கள் துறைத்தலைவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஏம்மா, பொயட்ரி எடுக்க வராதவங்கதானே அங்க போவாங்க?” போனேன். ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் குரலை நானே கேட்டபோதுதான் ‘எவ்ரி’யை ‘யெவ்ரி’ என்றும், ‘ஓன்லி’யை ‘வோன்லி’ என்றும் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதைவிட முக்கியம் சொல்லழுத்தம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதுக்குத் தாவிவிடும். தமிழ்க் காதுக்கு இது பிடிபடாது. நம் ஆங்கிலம் வெளிநாட்டாருக்குப் புரியாமல் போவதற்கு இது பெரிய காரணம் என்று அங்கே பணியாற்றிய ஆர்.கே. பன்சால் 1969-லேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். தமிழ்நாட்டு ஆங்கில மாணவர்கள் இன்றும் புரட்டுகிற ஒலியியல் பாடநூலை எழுதிய டி. பாலசுப்பிரமணியனும் அந்த நிறுவனத்துப் பேராசிரியரே.

திரும்பி வந்து பார்ட் டூ வகுப்பில் வைகை எக்ஸ்பிரஸின் கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினேன். திண்டுக்கல்லில் ஏறுகிறவர் திருச்சிக்கு எத்தனை மணிக்குப் போவார், அங்கே எவ்வளவு நேரம் நிற்கும், மதியச் சாப்பாட்டுக்கு எழும்பூர் போய்ச் சேர முடியுமா என்று கேள்விகள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, “மிஸ், ட்ரெயின் ஆல்வேஸ் லேட், ஸோ நோ லன்ச்” என்றான். வினைச்சொல்லே இல்லை. ஆனால் அந்த வருடம் அவன் எனக்குச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம், சொந்தமாக யோசித்தது. திருத்தவில்லை.

1978-ல் பள்ளியில் பிளஸ் டூ வந்து, கல்லூரியில் இருந்த பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு போனதும் கலைக் கல்லூரிகளில் ஆங்கில வகுப்புகள் குறைந்தன. அடுத்த வாசல் 1984-க்குப் பின் திறந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின, எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் அங்கே ‘எஸ் அண்ட் எச்’ என்ற சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ் துறையில் முதலாண்டு ஆசிரியர்களானார்கள். லாங்வேஜ் லேப், குரூப் டிஸ்கஷன், பிளேஸ்மென்ட் என்று வேலையின் பெயர்கள் மாறின. கடைசிப் பந்தி மட்டும் மாறவில்லை.

இன்று எம்.ஏ. முடித்துவிட்டு வழி கேட்டு வருகிறவர்கள் பலர் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதன் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். மொழி கற்பித்தல் முறை வருவது அதில் ஒன்றில், அதுவும் மொழியியலோடு பங்கு போட்டுக்கொண்டு. பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் பிறந்த முறையை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பாடமாக வைக்கின்றன. நம் பிள்ளைகளே பணம் கட்டி அங்கே போய்ப் படிக்கிறார்கள். ஆங்கில ஆசிரியரை வேலைக்கு எடுக்கும் நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நேர்காணலன்று ஒரு பார்ட் டூ வகுப்புக்குள் அவரை அனுப்பி, முக்கால் மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.