தரங்கம்பாடியும் அதன் சுற்றுப்புறமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடியிருப்பில் எழும் முதற் கேள்வி, இவ்வாண்டு எங்கே செல்வது என்பதேயாகும். உதகை என்பார் சிலர். மைசூர் என்பார் சிலர். பிழைப்பை நாடிப் பெங்களூரில் குடியேறிய நம்மவருள் பலர், சொந்த ஊருக்குப் போவதென்றால் உறவினர் இல்லத் திருமணத்திற்கோ குலதெய்வ வழிபாட்டிற்கோ சென்று இரண்டு நாளில் திரும்பிவிடுகின்றனர். நம் நாட்டில் வரலாறு நிகழ்ந்த இடங்களைப் பிள்ளைகளுக்கு அழைத்துச் சென்று காட்டுவது அரிதாகிவிட்டது. அவ்வாறு காட்டத்தக்க ஊர்களுள் ஒன்றாகிய தரங்கம்பாடியைப் பற்றி இம்மலர் வாயிலாகச் சில கூற விழைகின்றோம்.

தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே, வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர். தரங்கம் என்பது அலை. பாடி என்பது மக்கள் தங்கி வாழும் இடம். அலைகள் பாடும் ஊர் என்று பொருள் சொல்வாரும் உளர். அதுவும் கேட்பதற்கு இனியதே. ஆயினும் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பட்டினம் என்ற சொல்லே, ஐரோப்பியர் வருமுன்னரே இது துறைமுகமாக விளங்கியதைக் காட்டும்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடற்கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில் எழுந்தது. கட்டிய காலத்தில் அலைகள் எட்டத்தில் இருந்திருத்தல் வேண்டும். நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கடல் ஊரை நோக்கி நகர்ந்தது. கோயிலின் முன்பகுதியைப் படிப்படியாக விழுங்கியது. எஞ்சிய பகுதியே இன்று நம் கண்முன் நிற்கின்றது. கரையில் பாறைகளைக் குவித்து அரண் செய்துள்ளனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது இவ்வூர் பட்ட துயரம் சொல்லி முடியாது. கடலை அழகு என்று மட்டும் கண்டு திரும்புவோர், அக்கரையில் வாழும் மீனவ மக்களையும் ஒருகணம் நினைத்தல் நன்று.

இனி, டேனியர் வந்த கதையைக் காண்போம். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியான் ஓவே கெட்டே என்னும் தளபதியின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். இலங்கையில் காலூன்றுவதே அவர்கள் கருதிவந்த காரியம். அஃது ஈடேறவில்லை. எனவே தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரிடம் இடம் வேண்டினர். 1620-ஆம் ஆண்டு நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டொன்றுக்கு 3,111 ரூபாய் குத்தகை. அவ்வாண்டில் நாயக்கர் டேனிய மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதுவித்த தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் நகரில் இன்றும் காக்கப்படுகின்றது. கடலுக்கு எதிரே டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, தமிழக அரசின் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. 1792-இல் புதுப்பிக்கப்பட்ட நகரவாயிலும், 1701-இல் கட்டப்பட்ட சீயோன் கோயிலும் பார்க்கத்தக்கவை.

ஆனால், தரங்கம்பாடியின் பெருமை கோட்டையினால் வந்ததன்று, எழுத்தினால் வந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளுட்சாவ் என்னும் ஜெர்மானியர் இருவர் டேனிய மன்னரால் சமயப் பணிக்கென அனுப்பப்பட்டு இங்கு வந்திறங்கினர். சீகன்பால்குக்கு அப்போது வயது 23. தமிழ் ஓரெழுத்தும் அறியார். முதிய ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பயின்றார். சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, அவற்றின் பெயரும் பொருளும் குறித்துப் பட்டியல் எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கினால் 1708-இல் அக்கோட்டையிலேயே நான்கு திங்கள் சிறையிருந்ததும் உண்டு.

தமிழில் முதல் அச்சுநூல் 1578-இலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. எனினும் அம்முயற்சி நீண்டு தொடரவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்துக்கள் வார்க்கப்பட்டு, 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை உருவிற் பெரியனவாய் இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. காகிதமோ கடல் கடந்து வரவேண்டும். எனவே அடுத்திருக்கும் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். காகித ஆலை ஒன்றும் அங்கே நிறுவினர். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு மறைந்தார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய சமயம் எதுவாயினும் ஆகுக. நம் மொழியைக் கற்க அவர் பட்ட பாடு, தமிழர் யாவரும் நினைத்தற்குரியது.

1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயரிடம் விற்றனர். சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத் தலைமையிடமாக இருந்த பெருமையும் 1860-இல் நீங்கிற்று. தமிழின் முதல் நாவலாசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவ்வூரில் முன்சீப்பாக அமர்ந்து நீதி வழங்கியது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்யும் நமக்கு, இவ்வூரின் கதையில் இன்னொரு பகுதி நெஞ்சைத் தொடுவதாகும். 1861-இல் நாகப்பட்டினத்திற்கு இரயில் வந்தது. உள்நாட்டுச் சரக்கெல்லாம் நாகைத் துறைமுகத்தை நாடிச் சென்றது; தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. 65 ஆண்டுகளுக்குப் பின், 1926-இல்தான் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 30 கிலோமீட்டர் மீட்டர் பாதை போடப்பட்டது. அப்போது ஏற்றிச் செல்லக் கப்பற் சரக்கு இல்லை. திருக்கடையூருக்குச் செல்லும் அடியார்களும், சந்தைக்குச் செல்லும் உழவர்களும், பள்ளிப் பிள்ளைகளுமே அவ்வண்டியில் ஏறினர். 1986-இல் அதுவும் நின்றது. தண்டவாளம் மீண்டும் வரவேண்டுமென்று அப்பகுதி மக்கள் கேட்டு வருகின்றனர். இரயில் ஓர் ஊரை வாழ்விக்கும். வாராதொழியின் தாழ்விக்கவும் செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சுற்றுப்புறத்தில் காண்பதற்கும் குறைவில்லை. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய திருக்கடையூர், அபிராமி பட்டர் பாடிய தலம். அறுபதாம் கலியாணம் செய்துகொள்வோர் நாள்தோறும் வந்து கூடும் இடம். வடக்கே காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். அங்கே 1973-இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் நிறுவப்பட்டது. 1974 முதல் பெங்களூர்க் குழாய்களில் வந்து நம் தாகம் தீர்க்கும் காவிரி, கடலிற் சென்று சேரும் இடத்தை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் காணவேண்டாவா?

எல்லாவற்றினும் மேலாக, குடிபெயர்ந்த நம்மவர் தவறாது செல்லவேண்டிய ஊர் தில்லையாடி. இங்கிருந்து தென்னாப்பிரிக்கா சென்ற பெற்றோர்க்கு 1898-இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை. கிறித்தவ முறைப்படி நிகழாத திருமணங்கள் செல்லா என 1913-இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, காந்தியடிகளின் அறப்போரில் பெண்களும் இறங்கினர். வள்ளியம்மையும் சிறை புகுந்தார். காய்ச்சலோடு வெளிவந்த அவரைக் கண்டு, சிறை சென்றதற்கு வருந்துகின்றாயோ என்று காந்தியடிகள் வினவ, இப்போதும் மீண்டும் செல்லச் சித்தமாக இருக்கின்றேன் என்ற கருத்துப்பட அப்பெண் விடையிறுத்தார். 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், 16 வயதில் அவர் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டே காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தார். இன்று அங்கே வள்ளியம்மையின் நினைவு மண்டபம் உள்ளது. அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த அப்பெண்ணின் பெயரோடு, தில்லையாடி என்னும் ஊர்ப் பெயர் என்றும் பிரியாமல் ஒட்டிக்கொண்டது. பெங்களூரில் பிறந்து, கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் பயின்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு அயலாரின் கதையாகத் தோன்றாது.

செல்வதும் அரிதன்று. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகச் செல்லும் விரைவு வண்டியில் மாலையில் ஏறினால், மறுநாள் காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தளவில் தரங்கம்பாடியை அடையலாம். இரண்டு நாள் போதும். கோட்டையையும் கோயிலையும் கண்டபின், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடல் கடந்து வந்த ஒருவர் விரலால் தமிழ் பயின்ற ஊரின் மணல் அது. அதில் அவர்கள் தம் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கட்டும். எழுதத் தெரியாத பிள்ளை இருப்பின், ஊர் திரும்பியதும் நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். இஃதொன்றே அன்பர்களிடம் நாம் வேண்டுவது.