மார்மன் குடியேறிகள் மீதான ஒடுக்குமுறை

அமெரிக்காவில் 1830இல் ஜோசப் ஸ்மித் நிறுவிய மார்மன் திருச்சபையினர், அடுத்த பதினாறு ஆண்டுகளுக்குள் மிசௌரி, இலினாய் ஆகிய இரு மாநிலங்களிலிருந்தும் விரட்டப்பட்டனர்.

மிசௌரி: 1831இல் ஸ்மித், ஜாக்சன் மாவட்டத்தின் இண்டிபென்டன்ஸ் நகரை ‘சீயோன்’ என்னும் புனித நகர் அமையவிருக்கும் இடமாக அறிவித்தார். இரண்டே ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குக் குடியேறினர். பகைக்குச் சமயக் கொள்கையோடு நிலமும் வாக்கு வலிமையும் காரணமாயின. குடியேறிகள் கூட்டாக நிலம் வாங்கினர், ஒருமித்து வாக்களித்தனர். அவர்களில் பலர் வடமாநிலத்தவர். மிசௌரியோ அடிமை முறையைக் கைக்கொண்ட மாநிலம். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் குடியேற்றம் குறித்து 1833 ஜூலையில் மார்மன் இதழில் வந்த கட்டுரை சினத்தைக் கிளறியது. ஜூலை 20 அன்று ஒரு கும்பல் அச்சகத்தை இடித்துத் தள்ளியது. மார்மன் பேராயர் எட்வர்ட் பார்ட்ரிட்ஜின் உடலில் தார் பூசிப் பறவை இறகுகளை ஒட்டியது. நவம்பரில் வீடுகள் தகர்க்கப்பட்டன. குழந்தைகளும் முதியோரும் குளிரில் மிசௌரி ஆற்றைக் கடந்து கிளே மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

1836இல் அவர்களுக்கென கால்டுவெல் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அந்த அமைதியும் நிலைக்கவில்லை. 1838 ஆகஸ்ட் 6 அன்று கேலட்டின் நகர வாக்குச்சாவடியில் மார்மன்களை வாக்களிக்கவிடாமல் தடுத்ததால் கைகலப்பு மூண்டது. அக்டோபரில் மார்மன்களும் ஆயுதமேந்திக் கேலட்டினைத் தாக்கினர். அக்டோபர் 27 அன்று ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்ட வேண்டும் என ஆணையிட்டார். மூன்று நாள் கழித்து, மார்மன்களின் ஹான் ஆலைக் குடியிருப்பை இருநூறுக்கு மேற்பட்டோர் கொண்ட ஆயுதக் கும்பல் சூழ்ந்தது. கொல்லன் பட்டறைக்குள் ஒளிந்தவர்களை மரச்சுவர் இடுக்குகள் வழியே சுட்டனர். பத்து வயதுச் சிறுவன் உட்பட 17 பேர் மாண்டனர். உடல்கள் பாதி தோண்டிய கிணற்றில் இடப்பட்டன. இக்கொடுமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கைதான ஸ்மித் அக்குளிர்காலத்தை லிபர்ட்டி சிறையில் கழிக்க, ஆயிரக்கணக்கானோர் கிழக்கே இலினாய்க்கு நடந்தனர்.

இலினாய்: மிசிசிப்பிக் கரையில் அவர்கள் எழுப்பிய நாவூ நகரம் விரைவில் செழித்தது. பலதார மணம் முதலியவற்றைக் கண்டித்த ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ இதழின் அச்சகத்தை அழிக்க 1844 ஜூனில் நகர மன்றம் ஆணையிட்டது. அதையொட்டி எழுந்த நெருக்கடியில் கைதாகிக் கார்த்தேஜ் சிறையில் இருந்த ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் ஜூன் 27 அன்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் மறு ஆண்டு விடுதலையாயினர். பகை தணியாததால், 1846 பிப்ரவரியில், ஸ்மித்துக்குப் பின் தலைமையேற்ற பிரிகம் யங் தலைமையில் நாவூவிலிருந்து வெளியேற்றம் தொடங்கியது. 1847 ஜூலையில் முதல் குழுவினர் மேற்கே சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர்.

பாக்ஸின் ஆணையை மிசௌரி ஆளுநர் கிறிஸ்டபர் பாண்ட் 1976இல் வருத்தம் தெரிவித்து ரத்து செய்தார்.