பத்து வயதில் ஒரு கோடு, பன்னிரண்டில் ஒரு கோடு

இலங்கைப் பிள்ளைகள் ஐந்தாம் தரத்தில், பத்து வயதில், புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் தொடக்கநிலை ஆறாம் வகுப்பின் முடிவில், பன்னிரண்டு வயதில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறார்கள். இரண்டுமே நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வுகள். இரண்டிலும் ஓர் எண் கையில் கிடைக்கிறது. அடுத்து எந்தப் பள்ளி என்பதை அந்த எண் சொல்கிறது. இரண்டிலும் தமிழ்ப் பிள்ளைகள் அமர்கிறார்கள். ஒரு சமூகம் தன் குழந்தைகளை ஒரே அளவுகோலால் அளக்கும்போது என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும்.

முதலில் பிறப்பு. இலங்கையில் 1940களில், கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களை இனங்கண்டு, உதவிப் பணமும் விடுதியும் கொடுத்து அங்கே படிக்கவைப்பதற்காகவே புலமைப்பரிசில் வந்தது. ஒரு சிலரைத் தூக்கிவிடும் ஏணியாகத்தான் அதை நினைத்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதை எழுத வேண்டிய தேவையே அப்போது இருக்கவில்லை.

சிங்கப்பூரில் தொடக்கமே வேறு. 1960இல் பிஎஸ்எல்இ வந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் வகைப்படுத்துவதே அதன் வேலை. அன்று நான்கு மொழிவழிப் பள்ளிகளின் மாணவர்களும் தத்தம் மொழியில் எழுதினார்கள். தமிழிலும் முழுத் தேர்வு இருந்தது. 1979இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு அறிக்கை தந்தது. நிறையப் பிள்ளைகள் படிப்பை இடையில் விடுகிறார்கள், எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுப்பதே அதற்குக் காரணம் என்றது. அதற்குப் பிறகு பிள்ளைகளைத் தரம் பிரித்துப் படிக்கவைப்பது அரசுக் கொள்கையானது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வி அங்கே முடிந்தது.

ஆக, ஒன்று ஏணியாகவும் மற்றொன்று சல்லடையாகவும் தொடங்கின. காலப்போக்கில் இலங்கையின் ஏணியும் சல்லடையாகிவிட்டது. இன்று வருடந்தோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். என் அக்கறை அதிகம் இங்கேதான்.

இலங்கையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். அதில் வெட்டுப்புள்ளி என்று ஒரு கோடு. கோட்டுக்கு மேலே நிற்கும் பிள்ளை 'பாஸ்', ஒரு புள்ளி குறைந்தால் 'பெயில்' என்று வீட்டிலும் தெருவிலும் பேசுகிறார்கள். உண்மையில் இது சித்தியடைவதற்கான பரீட்சையே இல்லை. கோட்டைத் தாண்டுகிறவர்கள் ஆறேழு பேரில் ஒருவர்தான். அன்று காலையில் காய்ச்சல் இருந்ததா, பிள்ளை ஒரு கேள்வியை அவசரத்தில் தவறாக வாசித்ததா என்பதெல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கியிருக்கிறது. 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. பெற்றோர் போராடினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, கடைசியில் அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாருக்கும் முழுப் புள்ளி வழங்கப்பட்டது. மூன்றே வினாக்கள் ஒரு நாட்டை உலுக்கியதைப் பெற்றோரின் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு புள்ளியின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்தால் அப்படித்தான் நடக்கும்.

சிங்கப்பூரிலும் இந்த நோய் இருந்தது. 2020 வரை அங்கே டி-ஸ்கோர் முறை. ஒரு பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்பதோடு, மற்றப் பிள்ளைகள் எத்தனை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. இருநூறுக்கும் மேற்பட்ட படிநிலைகளில் பிள்ளைகள் பிரிந்து நின்றார்கள். 2021இல் அதை எடுத்துவிட்டுப் புதிய முறைக்கு மாறினார்கள். ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் என்ற நான்கு பாடங்களுக்கும் ஒன்று முதல் எட்டு வரை அடைவுநிலை. 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஒன்று, 85 முதல் 89 வரை இரண்டு என்று போகும். நான்கையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, கடைசி 32. ஆக 29 எண்கள்தான். அடுத்த பிள்ளை எப்படி எழுதியது என்பது இதில் கணக்கே இல்லை.

இந்த மாற்றத்தின் அருமை அதன் விளைவில் இருக்கிறது. எண்கள் குறைந்ததால் ஒரே எண்ணில் நிறையப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு ஒரே எண்ணோடு பலர் வந்தால் முதலில் குடியுரிமை, அடுத்துப் பெற்றோர் அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாக எழுதினார்கள் என்பது, அதிலும் தீரவில்லை என்றால் கணினிக் குலுக்கல். குலுக்கலா என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது நேர்மையாகத் தெரிகிறது. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எங்கள் தேர்வால் கண்டுபிடிக்க முடியாது என்று ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது சிறிய விஷயமா? இலங்கையின் வெட்டுப்புள்ளி அப்படி எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் சிங்கப்பூரின் அளவுகோலிலும் ஒரு கோணல் உண்டு. முதல் நான்கு நிலைகளும் 75இலிருந்து மேலே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆறாம் நிலையோ 45 முதல் 64 வரை நீள்கிறது. 89க்கும் 90க்கும் நடுவே இருக்கும் சுவர் அப்படியே நிற்கிறது, ஆனால் 46க்கும் 63க்கும் வித்தியாசம் இல்லை. மேல்வரிசைப் பிள்ளைகளின் பதற்றம் இதனால் குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. வீடுகள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிடும் தொகை 2018இல் ஆண்டுக்கு 140 கோடி சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2023இல் 180 கோடியாக உயர்ந்திருக்கிறது. அளவுகோலை மாற்றிய பிறகும் ஏறியிருக்கிறது.

இலங்கைக்கும் ஒரு பெருமை சேர வேண்டும். அதன் வெட்டுப்புள்ளி நாடு முழுவதற்கும் ஒன்றல்ல. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் தனித்தனி. கொழும்பில் நூலகத்துக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளையையும் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளரும் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமில்லை என்ற புரிதல் இதில் இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே நகரப் பள்ளியும் தோட்டப் பள்ளியும் வேறு வேறுதான், அந்த இடைவெளியை இது தொடுவதில்லை. இருந்தாலும், பிள்ளை எங்கிருந்து ஓடத் தொடங்கியது என்று கேட்கும் இந்த எண்ணம் பிஎஸ்எல்இயின் மதிப்பெண்ணுக்குள் எங்கும் இல்லை.

மொழி விஷயத்தில் வேறுபாடு இன்னும் துலக்கம். இலங்கையின் தமிழ்ப் பிள்ளை கணிதத்தையும் சுற்றாடலையும் தமிழிலேயே சிந்தித்துத் தமிழிலேயே எழுதுகிறது. சிங்கப்பூரில் தமிழ் நான்கில் ஒரு பாடம். ஆனால் கணிதத்துக்கு உள்ள அதே கனம் அதற்கும் உண்டு. வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பமும் தமிழைத் தள்ளிவைக்க முடியாததற்கு இந்தக் கால்பங்கு ஒரு காரணம். அதோடு அங்கே தமிழை எழுத மட்டும் சொல்வதில்லை. பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். இலங்கைப் பரீட்சையில் பேச்சுக்கு இடமே இல்லை. ஐந்து வருடம் படித்த பிள்ளையின் குரலை யாரும் கேட்பதில்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் மாதிரி வினாத்தாள்களையும் கட்டுக்கட்டாகச் செய்து பழகுவதே நான்காம் தரத்திலிருந்து படிப்பாகிப் போகிறது. பரீட்சைக்குச் சில நாள் முன்பு ரியூசன் வகுப்புகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் வருடாவருடம் தடை போடுகிறது. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இரண்டு நாட்டிலும் தேர்வுக்கு முன்பே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பு, கண்டியின் பேர்பெற்ற பாடசாலைகள் பலவற்றில் முதலாம் தரத்திலிருந்தே வகுப்புகள் உண்டு. வீடு எவ்வளவு அருகில், தகப்பன் பழைய மாணவனா என்பதெல்லாம் பார்த்து ஆறு வயதுக்குள் பெரும்பகுதி இடங்கள் நிரம்பிவிடுகின்றன. ஆறாம் தரத்தில் மிஞ்சும் இடங்களுக்குத்தான் இந்த மூன்று லட்சம் பேரின் ஓட்டம். சிங்கப்பூரிலும் முதல் வகுப்பில் சேர, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவருக்கு முன்னுரிமை. சில உயர்நிலைப்பள்ளிகள் தம்மோடு இணைந்த தொடக்கப்பள்ளியின் மாணவரைத் தளர்ந்த எண்ணிலும் ஏற்கின்றன. முகவரி வாங்கித் தந்த இடத்தையும் பிள்ளையின் திறமைக் கணக்கில்தான் ஊர் எழுதுகிறது.

தேர்வுக்குப் பிறகு என்ன என்பதில்தான் இரு நாடுகளும் முற்றாகப் பிரிகின்றன. சிங்கப்பூரில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் 2024இல் உயர்நிலைக்குள் நுழைந்த மாணவர்களோடு மறைந்தன. கணிதத்தில் பின்தங்கிய பிள்ளை தமிழில் உயர்ந்த நிலையில் படிக்கலாம். ஒரே வகுப்பில் எல்லாரும் கலந்து அமர்கிறார்கள். பேர்பெற்ற பள்ளி கிடைக்காத பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உண்டு. இலங்கையில் பத்தாயிரத்துக்கும் சற்றுக் கூடுதலான அரச பாடசாலைகளில், மத்திய கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ள தேசியப் பாடசாலைகள் நானூறுக்கும் குறைவு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படியான உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகளோ பத்தில் ஒன்று என்ற அளவுதான். ஊர்ப் பாடசாலையிலேயே தங்கிவிடும் பிள்ளைக்கு மருத்துவமோ பொறியியலோ எட்டாமல் போகலாம் என்று பெற்றோர் பயப்படுவதற்கு இந்தக் கணக்கே காரணம். அவர்களை ரியூசன் பைத்தியம் என்று ஏசுவது அநியாயம்.

ஆகவே சிங்கப்பூரின் அடைவுநிலையை அப்படியே எடுத்து இலங்கையில் வைத்தால் நோய் தீராது. ஒரே எண்ணில் நிற்கும் பிள்ளைகள் கூடுவார்கள், குலுக்கலும் கூடும், வாசல் அதே அகலம்தான். இலங்கை உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: உதவிப் பணத்தையும் பாடசாலை அனுமதியையும் பிரித்துவிடலாம். வறுமைக்குக் கொடுக்கும் பணத்துக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை அதற்காக நுண்ணறிவு வினாக்களுக்கு விடை எழுத வேண்டியதில்லை. அடுத்தது மெதுவான வேலை, ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை. கன்னங்கரா மத்திய கல்லூரிகளைக் கட்டியது கிராமத்தில். மலையகத்து மஸ்கெலியாவிலும் வன்னியின் மாங்குளத்திலும் இன்று வேண்டியது, உயர்தரம்வரை கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இருக்கும் பாடசாலை. தங்கிப் படிக்க ஒரு விடுதி. அந்த ஆசிரியர் இரண்டு வருடத்தில் இடமாற்றம் கேட்டுப் போகாதபடி குடியிருக்க ஒரு வீடு.