வழிநடத்துதலும் வாக்குத் தவறாமையும்: கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே ‘நம்பிக்கை’ என்னும் சொல்

‘நம்பிக்கை’ என்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவரிடையே இரண்டு வேறு இடங்களில் நிற்கிறது. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவெய்தி, சீர்திருத்தச் சபையார் இன்றும் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் கூறும் மூன்று பண்புகளில் முதலாவது விசுவாசம், இரண்டாவதுதான் நம்பிக்கை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் முதலாவதே நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. கொட்டாஞ்சேனையில் ஒரே மதிலுக்கு இருபுறமும் வாழும் ஒரு மெதடிஸ்த குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் இந்தச் சொல்லைச் சொல்லும்போது, ஒரு வீட்டில் அது வரப்போவதைக் குறிக்கலாம். மறு வீட்டில் ஏற்கெனவே பற்றிக்கொண்டிருப்பதைக் குறிக்கலாம்.

இது மொழிபெயர்ப்பாளரின் சிக்கலோடு முடிந்துவிடுவதில்லை. நிச்சயமற்ற காலத்தில் கடவுளின் வழிநடத்துதலை நம்புவது என்றால் என்ன என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. ‘கர்த்தர் வழிநடத்துவார்’ என்பதை முன்னறிவிப்பாகக் கொள்ளலாம்: காரியம் கைகூடும், விசா வரும், பிள்ளை சுகமாகும். உறவைப் பற்றிய கூற்றாகவும் கொள்ளலாம்: என்ன நேர்ந்தாலும் அவர் கைவிடமாட்டார், ஆகவே அவரை விட்டுப் போவதற்கில்லை. பிரசங்க மேடைகளில் முதலாவதன் ஒலியே பெரிது. ஆனால் கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரின் முந்நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இரண்டாவதற்கே சான்று தருகிறது. அந்த இரண்டாவது பொருளில் புலம்பவும் நியாயம் கேட்கவும் இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் கடவுளின் உண்மைத்தன்மைக்கு வழங்கும் சொல் ‘எமுனா’. ‘ஆமென்’ பிறந்த வேரிலிருந்தே இதுவும் பிறந்தது. தளராமை, அசையாமை என்பதே அதன் அடிப்பொருள். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல் மனித உடலைப் பற்றி வருகிறது: அமலேக்கியரோடு போர் நடக்கையில் மோசேயின் கைகள் சோர்ந்துபோகின்றன, ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் கைகளைத் தாங்குகிறார்கள், பொழுது சாயும்வரை கைகள் எமுனாவாக இருக்கின்றன. ‘ஊர்’ இங்கே ஓர் ஆளின் பெயர் என்றாலும், தமிழ்க் காதுக்கு அந்தத் தற்செயல் பொருத்தமாகவே படும். மோசேயின் தளராமை பிறர் தாங்கியதால் உண்டானது. அவருடைய தனிப்பட்ட மனத்திடத்தைப் பற்றி அந்த வசனம் எதுவும் சொல்லவில்லை.

கொழும்பில் இதன் வரலாற்று வடிவம் ஒல்லாந்தர் காலத்தில் தெரிகிறது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்த வணிகக் கொம்பனி, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்பதை மரணதண்டனைக்குரிய குற்றமாக 1658இல் அறிவித்தது. கொம்பனித்தெருவின் பெயரில் இருப்பது அந்தக் கொம்பனிதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பூசையைத் தடைசெய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் ஞாயிறு பூசைக்கு அந்தத் தெருவால் போகிறார்கள். அதே கொம்பனி 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் ஆலயம் கொட்டாஞ்சேனை மேட்டில் நிற்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் பெரும்பாலும் காண்பது அந்தோனியார் படங்கள்.

தடை வந்த பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கரையோரக் கத்தோலிக்கருக்கு நிலையான குருமார் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, நற்கருணை இல்லை, சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூச எவருமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் யாழ்ப்பாணம் வந்தபோது பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து எந்த முகம் மாறுகிறதோ அந்த வீடே கத்தோலிக்க வீடு என்று கண்டுகொண்டதாக அவருடைய வரலாறு கூறுகிறது. இந்தக் காட்சியைப் பெரும்பாலும் வாஸின் துணிவுக்கு எடுத்துக்காட்டாகவே சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் அது கதவுக்கு உள்ளே நின்றவர்களைப் பற்றியது. குருவும் கோயிலும் இல்லாத முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு செபமாலையைக் கண்டு முகம் மாறும் அளவுக்கு அந்த வீடுகளில் ஏதோ காக்கப்பட்டிருந்தது. வாஸ் பின்னர் ஊருக்கு ஊர் மூப்பரையும், செபம் சொல்லிக்கொடுக்க அண்ணாவியாரையும் ஏற்படுத்தியது, ஏற்கெனவே இருந்த இந்தத் தாங்கும் கைகளை ஒழுங்குபடுத்திய செயல் என்றே கொள்ள வேண்டும்.

வழிநடத்துதல் எதிர்பார்த்த வழியில் வருவதில்லை என்பதும் இதே வரலாற்றில் உண்டு. வாஸ் 1692இல் கண்டிக்குள் நுழைந்ததும் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைப்பட்டார். ஆனாலும் கடைசியில் அவருக்கும் அவருடைய கோவாத் தோழர்களுக்கும் பாதுகாப்பளித்தவர் பௌத்த அரசரான இரண்டாம் விமலதர்மசூரியன். கிறிஸ்தவக் கொம்பனி துரத்தியவர்களுக்கு பௌத்த அரசு இடம் கொடுத்தது. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்த வாஸ், ஒல்லாந்தரின் தடை நீங்கியதைப் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்ததை அவருடைய நம்பிக்கைக்குக் கிடைத்த பலன் என்று எழுதுவது எளிது. ஆனால் அந்தக் கணக்கை வாஸ் தம் வாழ்நாளில் போட்டிருக்க முடியாது.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தோற்றக் கதையும் இதே காலத்தைச் சேர்ந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வணிகர் வேடத்தில் ஒளிந்திருந்தார். ஊருக்குள் ஏறிவந்த கடலைத் தடுக்கும்படி முகத்துவாரத்து மீனவர்கள் அவரைக் கேட்டார்கள். அவர் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தபோது கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது. ஒல்லாந்தர் மனமிரங்கி இடம் கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த இடத்தில் பிற்காலத்தில் எழுந்த பெரிய கோயில் 1834இல் நிறைவுற்றது. கதையில் அற்புதம் மூன்றாம் நாளில் நடந்துவிடுகிறது. ஆனால் கோயிலுக்கு வருபவர்களின் வழக்கத்தில் கணக்கு வேறு: அந்தோனியார் பக்தியில் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வர வேண்டும். கேட்டது ஏழாவது செவ்வாயில் கிடைத்தாலும் எட்டாவதுக்கு வருவார்கள். பதின்மூன்றும் முடிந்து கிடைக்காவிட்டாலும் மறுபடி தொடங்குவார்கள்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இதெல்லாம் கொடுக்கல்வாங்கல், நேர்த்தி வைப்பது கடவுளோடு பேரம் பேசுவது, இதற்கும் விசுவாசத்துக்கும் தொடர்பில்லை என்று சீர்திருத்தச் சபையார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கத்தோலிக்கக் குருமாரிலும் பலர் அப்படி நினைப்பதுண்டு. மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நேர்த்தியின் அமைப்பைக் கவனித்தால், அங்கே சோதிக்கப்படுவது மனிதனின் வாக்கு. மெழுகுதிரிக் கட்டோடு வரிசையில் நிற்கும் சைவ வீட்டுத் தாயிடம் கேட்டால், தான் நேர்ந்ததை முடித்தாளா என்பதே அவளுக்குக் கவலை என்று தெரியும். அந்தோனியார் செய்வாரா என்பது அவளுக்குக் கேள்வியே இல்லை. வாக்குத் தவறாதவரிடம் வாக்குத் தவறாமல் நடப்பது என்ற எமுனாவின் இருபக்கத்தன்மை, இறையியல் கல்லூரி வகுப்பில் விளங்குவதைவிட அந்த வரிசையில் நன்றாக விளங்குகிறது.

பேரத்துக்கு நெருங்கிய உறவு உண்மையில் வேறோர் இடத்தில் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புதிய ஆண்டுக்கென்று ஒரு வாக்குத்தத்த வசனத்தை எடுத்துக்கொள்வது தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்த சிறு அட்டைகளில் ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். சிலர் பர்ஸில் வைத்து ஆண்டு முழுவதும் கொண்டுதிரிவார்கள். அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நன்மையான எதிர்காலத்தைச் சொல்வது. அதற்கு முந்திய வசனம் எந்த அட்டையிலும் வராது. அது எழுபது ஆண்டு என்கிறது. பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக எவரும் திரும்பிப்போய் எருசலேமைப் பார்க்கப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் நகரத்தின் நலனுக்காகச் செபியுங்கள் என்பதே அதன் சாரம். இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்கு முந்திய அதிகாரத்தில் சொன்னவன் அனனியா. அவனை வேதம் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது. ஆறுதலான கால அளவைச் சொன்னவன் பொய்யன், நீண்ட கால அளவைச் சொன்னவர் மெய்யானவர் என்ற இந்த வேறுபாட்டை வாக்குத்தத்த அட்டை அழித்துவிடுகிறது.

போர்க்காலத்து வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அனனியாவுக்கு ஏற்ற நிலம். லொட்ஜ் அறைகளில் நாலைந்து பேர் நெருங்கிக் கிடந்து, வெளிநாடு போக ஏஜென்சிக்காரரின் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் நடுவே ‘இந்த மாதத்துக்குள் கர்த்தர் கதவைத் திறப்பார்’ என்ற வகைச் செபங்களுக்கு ஆதரவு கூடியது வியப்பில்லை. அந்த ஆறுதலைக் குறை சொல்வது எளிது. அங்கே தங்கியிராதவர் சொல்வது இன்னும் எளிது. ஆனால் மாதம் கடந்தும் கதவு திறக்காதபோது, அது ஜெபித்தவரின் விசுவாசக் குறைவு என்று திரும்பியது. முன்னறிவிப்பாகப் புரிந்துகொள்ளப்படும் நம்பிக்கை பலிக்காதபோது பழியைப் பாதிக்கப்பட்டவர் மேலேயே போடுகிறது என்பது அதன் பெரிய குறை.

கறுப்பு ஜூலை இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டதையடுத்து, 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை வெள்ளவத்தை வரை தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. குடும்பங்கள் அகதி முகாம்களாக மாறிய பாடசாலைகளில் தங்கி, பின் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போயின. அப்போது வெளிநாட்டிலிருந்த குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க நாடு திரும்பி, தம் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய உரையில், நடந்ததை ஒழுக்க அடிப்படையில் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்றும், சிங்களவர் தம் வெட்கத்தை ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அதே ஆண்டு அக்டோபர் 23இல் அவர் இறந்தார். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஆறுதல் சொல்லும் வழி அவருக்கு முன்னால் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. கடவுளின் உண்மைத்தன்மை மனிதரின் பொய்யை மூடும் போர்வையாகாது என்பதே அவருடைய நிலைப்பாட்டின் இறையியல் உள்ளடக்கம்.

புலம்பல் நூல் இதற்கு வேத ஆதாரம். கர்த்தருடைய உண்மை பெரிது என்ற பொருளில் வரும் புகழ்பெற்ற அறிக்கை, எரிந்த எருசலேமைப் பற்றி அகரவரிசையில் அமைத்துப் பாடிய ஒப்பாரியின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் முறைப்பாடுதான். நூலின் முடிவிலும் கடவுளின் பதில் இல்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆராதனைப் பாடல்களில் இந்தப் பகுதி அநேகமாகக் காணாமற்போய்விட்டது. ஒப்பாரி இலக்கியமே வைத்திருக்கும் ஒரு மொழியில், அழுகையை மேளத்தால் மூடும் பாடல்கள் பெருகியிருப்பது விசித்திரமான நிலைமை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பூசைக்குப் பிந்தியதால் தப்பியவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றவர் ஆகியோரின் சாட்சிகள் விரைவில் பரவின. தப்பியவர் நன்றி சொல்வது இயல்பு. ஆனால் அந்தச் சாட்சி வழிநடத்துதல் பற்றிய கோட்பாடாக மாறும்போது, நேரத்துக்கு வந்து முன் வாங்கில் இருந்தவரை யார் வழிநடத்தினார் என்ற கேள்விக்கு அது முகங்கொடுக்க வேண்டும். முன்னறிவிப்புப் பொருளால் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

ஏப்ரல் 28 ஞாயிறு பொதுப் பூசை எங்கும் இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டுக்குப் பின் கொழும்புக் கத்தோலிக்கர் கோயிலுக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்து செபித்த நாட்களில் அதுவும் ஒன்று. திருவிழாவுக்கு முதல் நாளான ஜூன் 12இல் கொச்சிக்கடைக் கோயில் மீண்டும் திறந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரையின் வாதத்துக்கு முக்கியம். தாக்குதல் பற்றி வெளிநாட்டுப் புலனாய்வு முன்கூட்டியே எச்சரித்திருந்தது வெளியானபோது, ‘கடவுளின் சித்தம்’ என்று சபை அதை விட்டுவிடவில்லை. 2021 மார்ச் 7 ஞாயிறன்று கறுப்பு உடையில் பூசைக்கு வந்தார்கள். அடிப்படை உரிமை மனுக்கள் மீது 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. 2025 ஏப்ரல் 21இல், கொல்லப்பட்ட கத்தோலிக்கருள் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் விசுவாசச் சாட்சிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டதைக் கர்தினால் அறிவித்தார். ஒரே சமூகம் இறந்தவரைச் சாட்சிகளாகவும் போற்றியது. அவர்களின் சாவுக்குப் பொறுப்பானவர்களை நீதிமன்றத்திலும் நிறுத்தியது. வழிநடத்துதலை விதியாகப் புரிந்துகொண்டால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். வாக்குத் தவறாமையாகப் புரிந்துகொண்டால் இரண்டாவது முதலாவதிலிருந்தே பிறக்கிறது, ஏனெனில் இறந்தவருக்கு உண்மையாயிருப்பதும் எமுனாவின் ஒரு பகுதி. ஆண்டுதோறும் ஏப்ரல் 21 காலை 8.45க்கு மணியடித்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். விசாரணையை முழுமையாக முடிக்கும்படி அதிகாரிகளைக் கேட்கும் குரலும் அன்றைய நிகழ்வுகளில் ஒலிக்கிறது.